காணாமல் போகும் ஒட்டகம்

மூன்று வருஷமாக என் ஒட்டகத்தைத் திருடுவது என் மனைவி ஷெர்லிதான் என்று எனக்குத் தெரியும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒட்டகத்தைப் பார்த்தால் நானே திருடிக் கடலில் போட்டிருப்பேன்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். கன்டெய்னர் தூக்கும் கைக்குக் களிமண் பொம்மை செய்ய ஆசை. வீட்டு வாசலில் போடும் கிறிஸ்துமஸ் குடிலில் மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள் எல்லாம் கடையில் வாங்கியது. ஒட்டகம் மட்டும் என் கைவண்ணம். மண்ணை உப்பளத்து ஓரத்தில் அள்ளியதால், காய்ந்ததும் உப்பு பூத்து, பவுடர் பூசிய கழுதை மாதிரி நிற்கும்.

"ஏலே ஜேசுபாதம், இது ஒட்டகமா, வயித்து வலிக்காரனா?" என்பார் பக்கத்து வீட்டு தேவதாசன் அண்ணாச்சி. தெருக் குடில் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசு அவருக்குத்தான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வந்தால் ஒட்டகம் இருக்காது. சாயங்காலம் நடுவர்கள் வரும்போது ராஜாக்கள் மூவரும் நடந்தே வந்திருப்பார்கள். ஷெர்லி வாய் திறக்க மாட்டாள். நானும் கேட்டதில்லை.

இந்த வருஷம் சொல்லிவிட்டேன்.

"ஏளா, ஒட்டகமும் கடையிலயே வாங்கிருவோம். எனக்கு இதெல்லாம் வராது. உனக்கும் ஒளிச்சு வைக்கிற வேலை மிச்சம்."

"நான் ஒளிச்சு வச்சேனா? நீங்கதான் வெக்கப்பட்டுத் தூக்கிப் போட்டுட்டீங்கன்னுல்லா நெனச்சேன்! எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும்."

கட்டின பாவத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போ எவன் எடுக்கான்?"

"இன்னொண்ணு செஞ்சு வைங்க. தெரிஞ்சிரும்."

செய்தேன். போன வருஷத்தைவிடக் கேவலமாக வந்தது. கழுத்து கோணல், கண் சொருகல். திருடன் ஏமாந்துபோவானே என்று கவலையாக இருந்தது.

கிறிஸ்துமஸ் காலை. பூசைக்குப் போகிற மாதிரி தெரு முனை வரை போய்த் திரும்பினேன்.

எங்கள் குடில் முன்னால் தேவதாசன் அண்ணாச்சி முட்டி போட்டிருந்தார். செபம் செய்யவில்லை. ஒட்டகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வயித்து வலிக்காரன் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?"

திடுக்கிட்டுத் திரும்பினார். துண்டை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நான் செய்யுத ஒட்டகம் சும்மா நிக்கும்லே," என்றார் தலையைக் குனிந்தபடி. "உன்னோடது பாலைவனம் பூரா நடந்துட்டு வந்து நிக்குது. நடுவர் கண்ணுல பட்டா என் பரிசு போச்சு. அதான், உடைச்சுப் போடலாம்னு எடுத்துட்டுப் போவேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம்.

துண்டை வாங்கிப் பிரித்து, ஒட்டகத்தை ராஜாக்களுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இந்த வருஷம் நடுவர் பாக்கட்டும் அண்ணாச்சி." சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். "முந்தின மூணு ஒட்டகத்தையும் உடைச்சிட்டீங்களா?"

"மனசு வரலியே! எங்க வீட்டுப் பீடத்துல மாதாவுக்குப் பக்கத்துலதான் நிக்குது. வாரா வாரம் உப்பு பூக்குது பாத்துக்கோ, துடைச்சுத் துடைச்சு என் கை காந்துதுலே!"