எந்தக் கால்?

உதவித்தொகைப் பிரிவின் பரிசோதனை அதிகாரிக்கு அலுவலகத்தில் ‘கழுகு’ என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

நடக்க முடியவில்லை என்று உதவித்தொகை கேட்டு வருகிறவர்கள் முதலில் அவர் அறைக்கு வர வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அடுத்த அறையில் இருக்கும் டாக்டரைப் பார்க்க முடியும். கழுகு யாருடைய ஃபைலையும் முன்கூட்டிப் படிக்க மாட்டார். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதி வாங்கிவிடலாம், நடையில் அது முடியாது என்பது அவர் கட்சி. கதவிலிருந்து மேஜைக்குப் பத்தடி. வந்தவர் வாயைத் திறக்காமல், எந்தச் சீட்டையும் நீட்டாமல் அந்தப் பத்தடியை நடந்து காட்ட வேண்டும். அவர் வந்து உட்காருவதற்குள் கழுகு முடிவு கட்டியிருப்பார்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கி, வாசலைப் பார்ப்பது. பாதித் திருட்டு அங்கேயே அகப்பட்டுவிடும்.

அன்று காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே பஸ் வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். திரும்பிக் கை நீட்டி மனைவியை இறக்கிவிட்டார். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஜம்மென்று சாலையைக் கடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் மனைவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, காதில் ஏதோ சொன்னாள். அதோடு விடாமல், தானே காலை இழுத்து இழுத்து நாலு அடி நடந்தும் காட்டினாள். மனுஷர் தலையைச் சொறிந்தார். பிறகு இடது காலை விந்தி விந்தி உள்ளே வந்தார்.

கழுகுக்கு வாயெல்லாம் பல்.

கிளார்க் அம்மாவைக் கூப்பிட்டு அந்த ஆளை உடனே அனுப்பச் சொன்னார். அந்த அம்மா கையில் ஒரு ஃபைலோடு தயங்கி நின்றாள்.

“சார், இவரோட ஃபைலை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா...”

“எனக்குக் கண்ணு இருக்கும்மா. ஃபைல் எதுக்கு?”

டோக்கன் சீட்டில் தொழில் பெயின்டர் என்று இருந்தது. தேய்த்த பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. பெயின்டர் கதவருகே நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பத்தடியையும் நடந்து வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை இழுத்துக்கொண்டு வந்தது வலது காலை.

கழுகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். இருந்தாலும் கைவசம் இருந்த கடைசி வித்தையையும் பார்த்துவிட நினைத்தார். மேஜையைச் சுற்றி வந்து, ஏதோ தெரியாமல் பட்டதுபோல, பெயின்டரின் இடது ஷூ மேல் குதிகாலை வைத்து அழுத்தினார். எப்பேர்ப்பட்ட நடிகனும் அப்போது ஒரு துள்ளு துள்ளிவிடுவான். பெயின்டர் அசையவில்லை. மரியாதையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியான கல்லுளிமங்கன் என்று நினைத்துக்கொண்டு, கழுகு போனைக் கையில் எடுத்தார்.

“வாசல்ல இடது கால். உள்ள வந்ததும் வலது கால். ஏமாத்தி அரசாங்கப் பணம் வாங்கப் பார்த்தா ஜெயிலுக்குப் போகணும், தெரியுமா?”

பெயின்டர் தலை குனிந்தார். வெளியே காத்திருந்த மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். நான்தான் நொண்டச் சொன்னேன். ஒரு வாரமா வீட்டுல வச்சு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு இதுல இஷ்டமே இல்ல.”

கேட்காமலே வாக்குமூலம் வந்து விழுந்ததில் கழுகுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளும்படி கிளார்க் அம்மாவிடம் சொன்னார். அவள் எழுதாமல் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

“எதுக்கும்மா இந்தக் கூத்து?” என்று மனைவியைக் கேட்டார்.

போன தடவையும் இதே அறைக்குத்தான் வந்தார்களாம். வாயைத் திறக்கக் கூடாது என்றதால் கணவர் பேசாமல் நிமிர்ந்து நடந்து வந்தாராம். ‘நன்றாக நடக்கிறார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“நடக்கத்தான் சார் முடியுது. ஏணி ஏற முடியல. ஏணி ஏறாம பெயின்டருக்கு என்ன பிழைப்பு இருக்கு?”

நடக்க முடியுமாம், ஏற முடியாதாம். கழுகு இப்படிப் புதுப்புதுக் கதைகளை நிறையக் கேட்டவர். போனில் எண்களைத் தட்டிக்கொண்டே பெயின்டர் பக்கம் திரும்பினார்.

“போலீஸ் வர்றதுக்குள்ள அதையாவது முடிவு பண்ணிச் சொல்லுய்யா. கோளாறு எந்தக் கால்ல? இடதா, வலதா?”

பெயின்டர் மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து, பேன்ட்டை நிதானமாகச் சுருட்டினார். முதலில் இடது பக்கம். அப்புறம் வலது பக்கம்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு உலோகக் குழாய்கள் இருந்தன. அவற்றின் நுனியில் பாலிஷ் போட்ட ஷூ. இடது ஷூவில் மட்டும் கழுகின் குதிகால் தடம்.

“நல்லா நடக்கப் பழக எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு சார்,” என்றார் பெயின்டர் கூச்சத்தோடு. “நொண்டப் பழகத்தான் ஒரு வாரம் பத்தல.”