உண்டியலை உயரத்தில் வைக்கவும்

டமாரென்று சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு அவள் கூடத்துக்கு ஓடினாள். காய்கறி நிறுக்கும் சின்ன எடை மெஷின் தரையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை வயது மகள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலில் அடியில்லை, விரலில் கீறலில்லை. அப்பாடா என்று மெஷினைத் தூக்கித் திருப்பினாள். பின்பக்க மூடி கழன்றிருந்தது. உள்ளே இருந்த வட்ட பேட்டரியைக் காணோம்.

சோபாவுக்கு அடியில் இல்லை. பாயை உதறினாள், அங்கும் இல்லை. குழந்தை இருமியது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

போனை எடுத்து 'நம்ம வீட்டு டாக்டர்' பக்கத்தைத் திறந்து, பேட்டரி என்று தேடினாள். காதுவலியோ கட்டியோ, எதுவானாலும் அவளுக்கு அவர்தான். வெள்ளைக் கோட்டும் நரைத்த மீசையுமாய் அவர் படத்தைப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும்.

'பதற வேண்டாம். விழுங்கிய பேட்டரி ஓரிரு நாளில் தானாக வெளியே வந்துவிடும். வாழைப்பழம் கொடுங்கள். இனிமேல் உண்டியலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.'

உண்டியலா? அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்? பழத்தை உரித்து ஒரு வாய் ஊட்டினாள்.

அறைக்கதவு திறந்தது. பொழுதன்றைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற கணவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன சத்தம்?"

"ஏங்க, பாப்பா பேட்டரிய முழுங்கிட்டா! ஒண்ணும் ஆகாதாம். நம்ம டாக்டர் பழம் குடுக்கச் சொல்லியிருக்காரு..."

அவன் முகம் வெளிறிப்போனது. அவள் நீட்டிய போனை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பழத்தைத் தட்டிவிட்டான். "அந்த ஆள் பேச்சக் கேக்காத! கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு!"

"உங்களுக்கு அவரக் கண்டாலே ஆகாது. தும்முனாக்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடற ஆளு நீங்க! இங்க பாருங்க, எத்தன தாய்மாருங்க அவருக்கு நன்றி சொல்லி எழுதியிருக்காங்கன்னு!"

"வாயப் பொத்திக்கிட்டு கெளம்புடி!"

இதுவரை அவன் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. செருப்புகூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். தொண்டைக்குக் கீழே பளிச்சென்று ஒரு வட்டம்.

"உணவுக்குழாயில சிக்கியிருக்கு. இந்த நிமிஷமே எடுக்கணும், விட்டா அரிச்சு ஓட்ட போட்டுடும். சாப்பிட ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"ஒரு வாய் வாழப்பழம்... இதுல போட்டிருந்துச்சு டாக்டர்." போனை நீட்டினாள்.

டாக்டரம்மா வேகமாகப் படித்தார். கடைசி வரியில் அவர் கண் நின்றது.

"இது காசு முழுங்கின குழந்தைக்கு எழுதினதும்மா. காசுன்னு இருந்த எடத்துலயெல்லாம் பேட்டரின்னு மாத்திப் போட்டிருக்கான் எவனோ. உண்டியல மாத்த மறந்துட்டான்." போனை அவள் கையில் திணித்துவிட்டுக் குழந்தையோடு உள்ளே ஓடினார். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் திடீரென்று ஆத்திரமாய்ப் பொங்கியது.

"நம்புனேனே! கோட்டையும் மீசையையும் பாத்து ஏமாந்தேனே! என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகட்டும்... அந்தப் பாவி இப்ப என் முன்னாடி வந்து நிக்கணும்!"

சுவரோடு ஒட்டியிருந்த கணவன் மெல்ல நகர்ந்து, வெறுங்காலோடு அவள் எதிரே வந்தான்.

"உன் முன்னாடிதான் நிக்கிறேன்."