இரண்டாவது கோளாறு

பழைய பிக்கப்பை விற்றால்தான் சவரிநாதனுக்குக் கத்தார் டிக்கெட். வாங்க வந்தவர் திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் சுதாகரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இஞ்சின் ஓடியும் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை.

"ஆல்டர்னேட்டர் ஒயரு கழண்டுகினு இருக்குது" என்று சுதாகர் அதை மாட்டினான். அப்போதும் ஏறவில்லை.

"பேஜாரு புடிச்ச வண்டி" என்று வந்தவர் பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

சுதாகர் அவரோடு போகவில்லை; கோளாறை விடவும் இல்லை. "கிளிப்பு போட்ட ஒயரு தானா கழலாதுண்ணா. ஃபியூஸையும் காணோம். யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க."

சவரிநாதன் விழித்தான். கத்தாருக்குப் போகப் பிடிக்கவில்லை என்று மனைவி அருள்ராணியிடம் சொல்லத் துணிவில்லாமல் ஒயரைக் கழற்றிவிட்டது அவன்தான். ஆனால் ஃபியூஸை அவன் தொடவே இல்லை.

வாசலில் நின்றிருந்த அருள்ராணி உள்ளே போனாள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஃபியூஸை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதப் புடுங்குனா சார்ஜ் ஏறாதுன்னு நீதான காட்டுன?"

"போ போன்னு பெட்டி கட்டுனதும் நீதானடி?"

"நீ ஆசப்படுறன்னு நெனச்சிக்கினு கட்டுனேன்."

சவரிநாதன் ஃபியூஸைச் சுதாகர் கையில் வைத்தான்.

"ஜல்தி மாட்டு தம்பி. கூட்டேரிப்பட்டுல மல்லாட்ட மூட்ட லோடுக்குக் கூப்புட்டுக்கினே இருக்கறாங்க."