இடது பக்கம் ஒரு பந்து

மிட்சுகியின் வலது கைப் பக்கமாகவே எல்லாப் பந்தையும் அடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

ஆறு. ஏழு. எட்டு.

ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம். கோலில் நிற்கப்போகும் மிட்சுகிக்கு உடம்பு சூடாக வேண்டும். அதற்குப் பந்தடித்துக் கொடுப்பது இரண்டாவது கோல்கீப்பரின் வேலை.

பதினோரு வருடமாக அவள்தான் இரண்டாவது. முதல் கோல்கீப்பர்கள் வந்தார்கள், போனார்கள். மிட்சுகி மூன்றாவது ஆள்.

பெண்கள் கால்பந்து லீக்கில் ஒரு ஆட்டத்தில்கூட அவள் கோலில் நின்றதில்லை. காலையில் சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுவாள். மாலையில் பயிற்சிக்கு ஓடி வருவாள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சைத் தேய்ப்பாள். முப்பத்து மூன்று வயதாகிவிட்டது, போதும் என்று போன மாதம்தான் எழுதிக் கொடுத்தாள்.

இன்றோடு முடிகிறது.

கடைசி நாளாயிற்றே என்று அம்மா நாலு மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறாள். மூன்றாவது வரிசையில், மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை பயிற்சியில் மிட்சுகியின் இடது மோதிர விரல் கோல் கம்பத்தில் மோதியது. இன்று காலை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. உடை மாற்றும் அறையில் அதை நடுவிரலோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டவள் அவள்தான். கையுறைக்குள் ஒன்றும் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. தேசிய அணிக்கு ஆள் எடுக்கறவங்க இன்னிக்கு வந்திருக்காங்க."

இருபத்து மூன்று வயதுப் பெண். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தலையாட்டிவிட்டாள்.

அப்போதிலிருந்து நெஞ்சைக் குடைகிறது. இன்று தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். பயிற்சியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கோலில் யார் நிற்பார்? அவள். அதை நினைத்ததும் வாய் கட்டிப்போய்விட்டது. தன்னை உறுத்துவது நியாயமா, ஆசையா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒன்பது. வலது.

கோலுக்குப் பின்னால் பயிற்சியாளர் ஒகாமுரா வந்து நின்றார். பத்தாவதும் பதினொன்றாவதும் வலது பக்கமே போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏன், இடது பக்கத்த வாடகைக்கு விட்டாச்சா?"



மிட்சுகி அவளைப் பார்த்தாள். ஒரு நொடிதான். கெஞ்சுகிற பார்வை.

ஒரு பந்துதான் பாக்கி. கடைசிப் பந்தை மெல்லத் தருவது வழக்கம். கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல, நெஞ்சுக்கு நேரே. பிடித்த தெம்போடு கோல்கீப்பர் ஆட்டத்துக்குள் போக வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் அதை மீறியதே இல்லை. இன்றும் மெல்ல இடது பக்கம் தட்டிவிட்டால் போதும்.

அவள் நாலடி பின்னால் போனாள்.

அடித்தாள்.

இந்தக் காலில் இவ்வளவு பலமா என்று அவளே திகைக்கும்படி அடித்தாள். இடது மேல் மூலைக்கு. அந்த விரலுக்கு.

பந்து காற்றில் இருந்தபோது ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தாள். அணியை இல்லை. அம்மாவைக்கூட இல்லை.

நழுவட்டும்.

மிட்சுகி பாய்ந்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். பந்தோடு விழுந்தவள், முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. மகள் அடித்ததற்காக அம்மா தட்டினாள்.

மிட்சுகி எழுந்து சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"இது போதும்," என்றார் ஒகாமுரா. ஆட்டக்காரர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் மறையும்வரை காத்திருந்து மிட்சுகி அவளிடம் ஓடி வந்தாள். கண் நிறையத் தண்ணீர்.

"மெல்லக் குடுத்திருந்தா அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். அதனாலதான இப்படி அடிச்சீங்க? உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்க்கா."

இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

அவளும் குனிந்தாள்.

மிட்சுகி நிமிர்ந்து, ஓடி, மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தாள்.

அவள் இன்னும் நிமிரவில்லை.