நாங்க ரெண்டு பேரு

மலை உச்சியிலுள்ள காட்சிமுனைக்கு நாளை ஏறிப் போக மகள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாறை வழியில்தான் போன வருடம் என் மகன் வழுக்கி விழுந்து செத்தான்.

"அவ்வளவு கஷ்டமான ஏத்தம் இல்லப்பா" என்றபடி, இரண்டு தண்ணீர் பாட்டில்களை உள்ளே வைத்தாள்.

"கூட யாரும்மா வர்றாங்க?"

"நாங்க ரெண்டு பேருதான். நானும் அண்ணனும்."

"என்னையும் கூட்டிட்டுப் போம்மா. கும்பிட்டுக் கேக்கறேன்."

அவள் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். எதையோ கேட்டுக்கொள்வதுபோலத் தலையாட்டினாள்.

"சரிப்பா, நாம மூணு பேரும் போகலாம். ஆனா இறங்கி வர்றப்ப நாங்க ரெண்டு பேருதானாம்."

மகன் மனசு மாறுவதற்குள் ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். கிளம்புவது நாளைக்குத்தான்.