ஒற்றைக் கையில் ஒரு கூரை

மையைக் கொட்டியது ஓவியர்தான். அச்சுக்குப் போகவேண்டிய படக்கதையின் கடைசிப் பக்கத்தில், இடிந்து விழுந்த கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாவீரனின் இடது கை முழுகிப்போனது. அந்தக் கையை இடுப்புக்குப் பின்னால் ஒளித்து, வலது கையாலேயே கூரையைத் தூக்கவைத்துவிட்டுத் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

படத்தைப் பார்த்த கதாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு கையாலயும் தூக்கிப் பார்த்தான், முடியலன்னுல்ல எழுதியிருந்தேன்?"

"போன மாசம் ஓடுற ரயிலையே நிறுத்தினவன்யா! இந்தக் கூரை அவனுக்குப் பிசாத்து."

"ரயில நிறுத்தட்டும். நிலாவக்கூடத் தூக்கட்டும். கூரை மட்டும் முடியாது."

"இது என்னய்யா கணக்கு? அவன் பலம் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா, இப்படிக் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறே?"

ஓவியர் தன் நக்கலுக்குத் தானே சிரித்தார். கதாசிரியர் சிரிக்கவில்லை.

"சரி, உண்மையான காரணத்தச் சொல்லு. மாத்தி வரையிறேன்."

கதாசிரியர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதல் பிரதிய என் பொண்ணுதான் படிப்பா. அவ அம்மா மேல கூரை விழுந்தப்ப, நான் ரெண்டு கையாலயும் தூக்கிப் பார்த்தேன். முடியல. நம்ம மாவீரனாலகூட முடியாதும்மான்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்யா."