பேசாத வகுப்பு

"நிஜமாவே தொண்டை கட்டிக்கிச்சா டீச்சர், இல்ல வீட்டுக்காரர் மேல இருந்த கோபத்த கிளாஸ்ல காட்டினீங்களா?"

கணக்கு டீச்சர் கேட்டதும் ஆசிரியர் அறையில் இருந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். புது இங்கிலீஷ் டீச்சரும் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

காலையில் நடந்தது மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. அவள் வேலையை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று பார்க்க, முதல்வர் வந்து வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவள் கரும்பலகையில் ஒரு குடையை வரைந்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் ஒரு வரிசையே சிரித்தது. சின்னப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, பாவம் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"உடம்பு சரியில்லன்னா லீவு எடுத்திருக்கலாமே," என்று சொல்லிவிட்டு முதல்வர் பாதியிலேயே எழுந்து போனார்.

மணி அடித்தது. மற்றவர்கள் வகுப்புகளுக்குப் போனார்கள். அறையில் அவளும் மூத்த இங்கிலீஷ் சாரும் மட்டும் மிஞ்சினார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெண்கலக்கடை. அவர் பாடம் எடுத்தால் மாடியில் அறிவியல் படிக்கிறவர்களுக்கும் சேர்த்து இங்கிலீஷ் வந்துவிடும். எந்தப் புது முறையைச் சொன்னாலும், "வேலையத்தவன் பூனைக்குச் சிரைச்ச கதை" என்று விரட்டிவிடுவார்.

"யாரும்மா உனக்கு இந்த யோசனையைக் குடுத்தது?" விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

"ஒரு பிளாக்ல படிச்சேன் சார்."

"எந்த பிளாக்?"

"மூன்றாம் பீரியட்னு ஒண்ணு. பேர் போடாம யாரோ எழுதறாங்க."

வெண்கலக்கடை அடுத்த தாளைப் புரட்டினார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல பயந்துபோய்த் தேடினேன் சார். இங்கிலீஷ் டீச்சருக்குன்னு ஆயிரம் கிடக்கு. பாதிப் பேர் கோர்ஸ் விக்கறாங்க. மீதிப் பேர் கோடிட்ட இடத்த நிரப்பச் சொல்றாங்க. இது ஒண்ணுலதான் பிள்ளைங்க இருந்தாங்க. ஒரு மழை நாள்ல அந்த வாத்தியார் பலகையில குடைய வரைஞ்சிட்டுப் பேசாம நிக்கறாரு. வருஷம் பூரா வாயே திறக்காத ஒரு பொண்ணு தானா எழுந்து, வெளிய காயப்போட்ட துணி நனையுது, நான் வீட்டுக்குப் போகணும்னு இங்கிலீஷ்ல சொல்லுது. அதப் படிச்சிட்டு அழுதுட்டேன் சார்."

"ம்."

"டீச்சர் வாயை மூடினாத்தான் பிள்ளை வாய் திறக்கும்னு எழுதியிருந்தாரு. நானும் மூடிட்டு நின்னேன். எனக்கு ஒண்ணும் திறக்கல."

"அது உன் தப்பில்லம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பூனைக் கதைக்குத் தயாராக இருந்தவளுக்கு இது புதிதாக இருந்தது.

"என் தப்புதான் சார். முதல்வர் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க. அவங்க வாயால கேக்கறதுக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்னு சொல்லிடப் போறேன். தண்ணி பாட்டில நீட்டின பொண்ணு மூஞ்சியில நாளைக்கு எப்படி முழிக்கறது?"

வெண்கலக்கடை பேனாவை மூடி வைத்தார். காது மடல் சிவந்திருந்தது. தன் நிலைமையைப் பார்த்து இவருக்கே கூசுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கணக்கு டீச்சரின் சிரிப்பைவிட அது அதிகமாகச் சுட்டது.

"போறதுக்கு முன்னாடி அந்த பிளாக் எழுதறவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடறேன்," என்று கைப்பேசியை எடுத்தாள். "அந்தப் பதிவுக்குக் கீழ எழுதியிருக்கேன். மரியாதையா இருக்கான்னு சொல்லுங்க சார்."

வாசித்தாள். "ஐயா, உங்கள் முறையில் குற்றமில்லை. அதைக் கெடுத்தவள் நான். இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று இன்று தெரிந்துகொண்டேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்."

"அனுப்பாதம்மா."

"ஏன் சார், பிழை இருக்கா?"

"அவன் ஒரு புளுகனா இருந்தா?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க வராத கோபம் அப்போது வந்தது.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க சார். அவரைச் சொல்லாதீங்க. துணி நனையுதுன்னு சொன்ன அந்தப் பொண்ண யாராலயும் கற்பனையா எழுத முடியாது."

பேச்சு முடிவதற்குள் அனுப்பியும்விட்டாள்.

விடைத்தாள் கட்டுக்கு அடியில் அவர் கைப்பேசி சிணுங்கியது. வெண்கலக்கடை அதை எடுத்துப் பார்க்கவில்லை. எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாம்மா, முதல்வர்கிட்ட நானும் வரேன்," என்றார். "அப்படி ஒரு பொண்ணும் கிடையாது, அப்படி ஒரு கிளாஸும் கிடையாது. நாள் பூரா கத்திட்டு வீட்டுக்குப் போய், ஆசைக்கு நான் எழுதினது."